பன்னிரண்டு இலக்கப் பீற்றல்

முப்பது வயதில் நான் வடிகட்டிய பீற்றல்காரன். உலு திராமில் ஒரு கடைமாடியில் கணக்கு டியூஷன் நடத்திக்கொண்டு, என்னைக் கணித மேதை என்று நம்பிக்கொண்டிருந்தேன். (நம்பியது நான் ஒருவன்தான்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பாசிர் கூடாங்குக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் மாலதி. ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஷிப்ட் வேலை. வெட்கம் கிட்கம் எதுவும் இல்லாமல் தேநீரை வைத்துவிட்டு, தன் கோப்பையோடு எதிரிலேயே உட்கார்ந்தாள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஏற்கெனவே நான்கு வீடுகளில் என்னை வேண்டாமென்றிருந்தார்கள். இந்த இடமாவது அமையவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அமைந்திருக்கும்.

"தம்பிக்குக் கணக்கு நல்லா வருமாமே?" என்றார் அவள் அப்பா.

"என் ஐசி நம்பரே பகா எண் அங்கிள். பன்னெண்டு இலக்கம். ஒண்ணாலயும் அதே எண்ணாலயும் தவிர வேற எதாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாது. மனசுலயே போட்டுக் கண்டுபிடிச்சேன்." (நான் அதை மூன்றால்கூட வகுத்துப் பார்த்ததில்லை. ஒற்றைப்படையில் முடிந்தது, அது போதுமென்று விட்டுவிட்டேன்.)

மனிதர் அசந்துபோனார். "நம்ம பிள்ளையோடது?" என்று மகளின் அடையாள அட்டையை எடுத்து ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். நான் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, உதட்டை அசைத்தேன். முகத்தை மேதை மாதிரி வைத்துக்கொள்வதிலேயே குறியாக இருந்ததால் ஓர் எண்கூடக் காதில் விழவில்லை.

"இதுவும் பகா எண்தான் அங்கிள்! அபூர்வப் பொருத்தம்!"

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். பெருமை தாங்காமல் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன்.

"சார், கடைசி நம்பர் எட்டு. ரெண்டால போகும் லா," என்றாள் மாலதி. "பொம்பளைங்க ஐசி எல்லாமே இரட்டைப்படையிலதானே முடியும்? ஆம்பளைங்களுக்குத்தான் ஒற்றைப்படை. இந்த நாட்டுல எந்தப் பொண்ணு நம்பரும் பகா எண்ணா இருக்க முடியாது. உங்க ஐசியக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். கையிலிருந்த கோப்பையைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. "எல்லா இலக்கத்தையும் கூட்டினா நாப்பத்தஞ்சு. மூணால போகும். ஒன்பதாலயும் போகும்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மடையன் நான் சொன்னது இது: "மேல்நிலைக் கணிதத்துல இதெல்லாம் வேற மாதிரி."

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க தம்பி," என்றார் அவள் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் மாலதியே அக்காவை அழைத்தாள். "தப்பாக் கணக்குப் போட்டா பரவால்லக்கா. தெரியலன்னு சொல்ல வாய் வரலியே அவருக்கு." அக்கா அதை ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்தாள்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. ஆனால் உறவில் எங்கே பெண் குழந்தை பிறந்து அதற்கு ஐசி நம்பர் வந்தாலும் அக்கா என்னைத்தான் முதலில் அழைப்பாள். "தம்பி, கடைசி நம்பர் ஆறு. பகா எண்ணான்னு கண்ண மூடிப் பாத்துச் சொல்லு!"

எனக்கு மகள் பிறந்து அவளுடைய அடையாள அட்டை கைக்கு வந்தபோது, பெயரைக்கூடப் பார்க்காமல் கடைசி இலக்கத்தைத்தான் பார்த்தேன். நான்கு. நிமிர்ந்தால் எதிரே அக்கா.

"என்ன தம்பி, பகா எண்ணா?"

வாழ்க்கையில் முதன்முறையாக விடை உறுதியாகத் தெரிந்திருந்தது. "தெரியலக்கா" என்றேன்.