ரிவால்வருக்கு மாற்றுச் சம்பந்தம்

ஒரு ரிவால்வருக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருடைய கார் ஷெட்டில்தான் நான் குடியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்துக்குத் தெற்கே பாபடோயிட்டோய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், கப்பல் சமையலறை, சிங்கப்பூர், ஃபிஜி என்று சுற்றி, கடைசியில் அங்கே ஒரு கோழி ஃபாக்டரியில் இறக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கால் வெட்டியவர் வெடி அண்ணை. நான் ராமநாதபுரம், அவர் யாழ்ப்பாணம். படுக்க இடமில்லை என்று ஒருநாள் சொன்னேன். "காரை வெளியிலை விட்டால் நீர் உள்ளை படுக்கலாம்" என்றார். அன்றிலிருந்து கார் நனைந்தது, நான் நனையவில்லை. குளிர் மட்டும் கேட்காமல் உள்ளே வரும். அதற்கு இரண்டு கம்பளியும் ஃபாக்டரி கோட்டும் போதும்.

வெடி என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். வரவேற்பறை ஷோகேஸில், டிவிக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில், அவர் ஒரு பழைய ரிவால்வர் வைத்திருந்தார். நூறு வருடத்துக்கு மேல் வயது. மருந்தையும் குண்டையும் தனித்தனியாகத் திணித்துச் சுட்ட காலத்து ஆங்கிலேயச் சாமான். விசையை இழுத்தால் அசையாது. உருளையைத் திருப்பினால் திரும்பாது. ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்து, "இதற்கு எதற்கு லைசென்ஸ்? ஆணி அடிக்க வைத்துக்கொள்ளுங்கள்" என்று சிரித்துவிட்டுப் போனாராம். ஒருநாளும் வெடிக்காத துப்பாக்கியை வைத்திருந்ததால்தான் சனங்கள் அவருக்கு வெடி என்று பெயர் வைத்தார்கள்.

கோயில் மண்டபத்தில் அவரைக் கண்டால் போதும். "என்ன வெடி அண்ணை, உங்கட பீரங்கி சுகமோ?" என்பார் ஒருவர். "இருமல் கிருமல் ஒண்டும் இல்லையோ?" என்பார் இன்னொருவர். அண்ணை கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தபின் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார்.

அது வீட்டுக்கு வந்த விதமே வேடிக்கை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, இத்தனை காலம் தன் புல்லை வெட்டிக் கொடுத்ததற்கு நன்றியாக, "இந்தப் பீங்கான் டீ செட் வேண்டுமா, என் தாத்தாவின் ரிவால்வர் வேண்டுமா?" என்று கேட்டாளாம். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், டீ செட்டைக் கையில் எடுத்தே விட்டார். அண்ணை அதை வாங்கி மறுபடி மேசையில் வைத்துவிட்டு ரிவால்வரை எடுத்துக்கொண்டார். அக்கா அதை மன்னிக்கவே இல்லை. விருந்தாளிக்கு மக்கில் டீ கொடுக்கும்போதெல்லாம், "வடிவான கோப்பை கிடைச்சது. இவர் துவக்கு எடுத்தவர்" என்பார்.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து அதுக்குப் பூ வைக்கிறார். இதைவிட விசர் உண்டோ தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்பார். பூ வைத்தது உண்மை. ஆயுத பூசைக்குப் புல் வெட்டும் மெஷின், கோழி வெட்டும் கத்தி, ரிவால்வர் மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ரிவால்வருக்கு மட்டும் குழாய் வாயிலும் ஒரு பொட்டு.

இப்படி இருக்கையில் பக்கத்து மனுகாவில் பழம்பொருள் கண்காட்சி ஒன்று வந்தது. அண்ணை ரிவால்வரைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஹில்ஸ்பரோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், வெள்ளைக்காரர், அதன் பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூச்சுவிட மறந்துபோனார். பிடியில் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர் கீறியிருந்தது. எத்தனையோ வருடமாக அவர் தேடிய கப்பலாம். தன்னிடம் ஓர் அமெரிக்க ரிவால்வர் இருக்கிறது, தந்தப் பிடி, உருளையைச் சுற்றிக் குதிரைகள் செதுக்கியது, எல்லாம் நன்றாக இயங்கும், அதைத் தருகிறேன், இதைத் தருவீர்களா என்று கேட்டார். போட்டோவும் கொடுத்தார்.

அண்ணை போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முகவெட்டு நல்லாய்த்தான் இருக்கு" என்றார்.

"அண்ணே, பேசாம மாத்திருங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன்.

"அப்பிடிச் சட்டெண்டு செய்யேலாது. இது மாற்றுச் சம்பந்தம். என்ர தங்கச்சியை உம்மட அக்காவின்ர தமையனுக்குக் குடுத்துத்தான் நான் இவவை எடுத்தனான். பொம்பிளை குடுத்துப் பொம்பிளை எடுக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் வடிவாய் விசாரிக்க வேணும். ஒரு பக்கம் குழம்பினால் மற்றப் பக்கமும் குழம்பும்."

"அது இரும்புண்ணே."

"இரும்பெண்டால் என்ன? வீட்டுக்கு வாறது வாறதுதானே."

விசாரணை தொடங்கியது. மகளை டெலிபோனில் உட்காரவைத்து, பின்னால் நின்று கேள்வி கேட்டார். எந்த ஊரில் பிறந்தது? எந்த வருடம்? இதுவரை யார் யார் கையில் இருந்தது? உடம்பில் ஏதாவது குறை, பழைய காயம்? மகள் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா, இட்ஸ் அ கன். நாட் அ ப்ரைட்" என்றாள். ஆனால் டாக்டர் பூரித்துப் போனார். இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் சேகரிப்பாளரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அதே கேள்விகளைத் திருப்பியும் கேட்டார்.

"பாத்தீரோ, குலம் கோத்திரம் கேக்கிறான். தரமான மனிசன்" என்றார் அண்ணை. ஒருவர் கலியாணம் பேசினார், மற்றவர் வியாபாரம் பேசினார். இருவருக்கும் ஒரு வார்த்தைகூட இடறவில்லை.

இருந்தும் அண்ணையால் முடிவெடுக்க முடியவில்லை. கோழிக்காலைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவார். பெல்ட்டில் கோழிகள் காலோடு போய்க்கொண்டிருக்கும். "அது வேலை செய்யிற துவக்கு தம்பி. கொண்டுவந்து வைச்சால் கோயிலிலை ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான். ஆனால் இவன் இத்தினை வருசமாய் வீட்டிலை கிடக்கிறான். எப்பிடி அனுப்புறது?" என்பார். சூப்பர்வைசர் வந்து கத்துவார். அண்ணை அவரிடமும் அபிப்பிராயம் கேட்பார்.

கடைசியில் பிள்ளையாரிடம் பூப் போட்டுப் பார்த்தார். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. சிவப்பு வந்தால் மாற்றுவது. மகள் எடுத்தாள். வெள்ளை வந்தது. "பிள்ளையார் அவசரப்பட்டிட்டார்" என்று மறுபடி மடித்துப் போட்டார். சிவப்பு வரும்வரை பிள்ளையாரை விடவில்லை.

ஒரு ஞாயிறு காலை நல்ல நேரத்தில் டாக்டர் டை கட்டிக்கொண்டு, மரப்பெட்டியோடு வந்தார். அண்ணை பட்டு வேட்டி, சால்வை. எங்கள் பக்கத்து ரிவால்வர் தாம்பாளத்தில் வெற்றிலை, பூவோடு இருந்தது. டாக்டர் அதை எடுத்துக் குழாயை முகர்ந்து பார்த்து, இது என்ன எண்ணெய், இவ்வளவு வாசனையாக இருக்கிறதே என்று கேட்டார். "சாண்டல்வுட்" என்றாள் மகள். அவர் மரியாதையோடு தலையாட்டினார். பிறகு மரப்பெட்டியைத் திறந்தார். நீல வெல்வெட்டில் அது படுத்திருந்தது. அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "வடிவு" என்றார். முடிந்தது, மாற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் அதைக் கையில் எடுத்தார். உருளையின் அறைகள் எல்லாம் காலி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு, கைமாற்றும் முன் இயக்கிக் காட்டுவது அவர்கள் வழக்கம் என்பதால், பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்தார்.

கடக்.

சின்னச் சத்தம்தான். நன்றாக எண்ணெய் போட்ட இரும்பு இரும்போடு பொருந்துகிற சத்தம். நான் டாக்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அண்ணையின் நாற்காலி காலி.

அண்ணை கார்ப்பெட்டில் குப்புறக் கிடந்தார். வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்த அக்காவும் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். அண்ணையின் ஒரு கை அக்காவின் தலைக்கு மேல் விரிந்திருந்தது. இருவரும் கன்னத்தைத் தரையில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, ரொம்ப நாள் பழகிய வேலைபோல அவ்வளவு ஒழுங்காகப் படுத்திருந்தார்கள். ஒரு வடை மட்டும் உருண்டு போய் டாக்டரின் ஷூவில் முட்டி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மகள் அங்கேயே பிறந்தவள். அம்மா அப்பா இப்படிக் கிடந்து பார்த்ததில்லை. முழங்காலிட்டு, "அம்மா, எழும்புங்கோ. ஒண்டும் இல்லை" என்றாள். அவள் தமிழ் பேசி நான் கேட்டது அன்றுதான். டாக்டர் சுத்தியலை மெல்ல இறக்கி, பெட்டிக்குள் வைத்து, மூடியை இரண்டு கையாலும் சாத்தினார்.

அண்ணை எழுந்து, சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகளிடம் சொன்னார்: "அவரிட்டைச் சொல்லு பிள்ளை. அவையின்ர பக்கத்திலை ஒரு குறையும் இல்லை. எங்கட வீட்டுக்குத்தான் சரிவராது."

அதுவரை அந்த ரிவால்வரைத் தொட்டே அறியாத அக்கா, தாம்பாளத்திலிருந்து அதை எடுத்தார். ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்து, ஷோகேஸில் பழைய இடத்திலேயே வைத்தார். "இது சத்தம் போடாத பிள்ளை. இவன் இஞ்சையே இருக்கட்டும்" என்றார். பிறகு வடையைப் பொறுக்கப் போனார்.

மறுநாள் ஃபாக்டரியில் அண்ணை வழக்கம்போல் கால் வெட்டினார். திடீரென்று தானாகவே சிரித்தார். "எல்லாத் துவக்கும் இவனைப்போலச் சோம்பேறியாய் இருந்திருந்தால், நான் ஏன் தம்பி இந்தக் குளிருக்குள்ளை நிண்டு கோழிக்கால் வெட்டுறன்?"

அந்தக் கார் ஷெட்டுக்குத் தகரக் கதவு. விடிகாலை வேலைக்குக் கிளம்பும்போது கையை விட்டால் டமாரென்று விழும். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இரண்டு கையாலும் பிடித்து, தரையைத் தொடும்வரை கூடவே குனிந்து இறக்கினேன். அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ அறை. இன்றும் எந்த வீட்டுக் கதவையும் நான் அப்படித்தான் சாத்துகிறேன், உள்ளே அண்ணையும் அக்காவும் தூங்கிக்கொண்டிருப்பது போல.