கீழ் ஹோஸும் கார் ஷெட்டும்

"இனி எவன் தயவும் வேண்டாம். அந்த ஹோஸை நானே செய்யப் போறேன்" என்று ஓவர்சியர் சபதம் செய்தார்.

காலை ஏழு மணி. கேட்க இருந்தது ஒரே ஆள், மனைவி. அவள் வாயில் நான்கு குண்டூசி. அதனால் "ம்" என்றாள். ஆனால் தையல் மெஷின் நின்றது. அது சாமானியத்தில் நிற்காது. ஓவர்சியர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

கார் கம்பெனி பதில் போட்டிருந்தது. 'தாங்கள் கேட்ட பாகம் தற்போது தயாரிப்பில் இல்லை.' அவர் எழுதியது ஆறு பக்கம். வந்தது ஒரு வரி.

அது பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். ஏறக் குனிய வேண்டும், இறங்க யாராவது வேண்டும். ரேடியேட்டரின் அடியிலிருந்து இஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, ஆறு வருஷமாக வீட்டுக்குக் கீழே உள்ள ஷெட்டில் நிற்கிறது. ஷெட்டிலிருந்து தெருவுக்குச் செங்குத்தான ஏற்றம். தள்ளி ஏற்ற ஆறு ஆள் வேண்டும். ஆறு ஆளைக் கூப்பிட ஓவர்சியர் தயாரில்லை.

காரணம் உண்டு. ஷெட்டின் மேல் மனைவிக்குக் கண். அவள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பவள். மூன்று மெஷின், உதவிக்கு இரண்டு பெண்கள், எல்லாம் படுக்கை அறையில். ஓவர்சியர் தூங்குவதற்கு முன் தலையணை மேலிருந்து நாற்பது கைகளை எடுத்து வைக்க வேண்டும். சட்டைக் கைகள்தான். ஊசி குத்தாமல் அவர் உட்காரக்கூடிய ஒரே இடம் அந்த ஷெட்டு.

"ஷெட்டை எனக்குக் குடுங்க" என்று மாதம் ஒரு தடவை கேட்பாள்.

"ஓடாத வண்டியை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? ஓடட்டும், பேசலாம்" என்பார். அதோடு பேச்சு முடியும். வண்டி ஓட வேண்டும், ஓடிவிட்டு அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

அன்றே வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்துப் பழைய ஹோஸைக் கழற்றினார். குதிகால் வெடிப்பு மாதிரி வெடித்திருந்தது. படமெடுக்கத் தலை தூக்கிய பாம்பு பாதியில் மனசு மாறியது போல ஒரு வளைவு. உள்ளே நீளமாக ஒரு கம்பிச் சுருள். இழுத்தெடுத்துக் குப்பையில் எறிந்தார்.

"என்னங்க அது?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அடைப்பு."

"ஸ்பிரிங் மாதிரியில்ல இருக்கு?"

"குழாய்க்குள்ள தண்ணியைத் தவிர எது இருந்தாலும் அடைப்பு. முப்பத்தோரு வருஷம் ஊருக்கே தண்ணி விட்டவன் சொல்றேன்."

"ஊருக்கு விட்டீங்க, சரி. நம்ம மாடிக்கு ஏறலையே?"

அவள் ஸ்பிரிங்கைப் பொறுக்கித் துடைத்துப் பட்டன் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

அன்று முதல் ஓவர்சியருக்குக் குழாய்ப் பித்து. குழாய் என்று பார்க்க ஆரம்பித்தால் உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது. கை கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்தார். தூசி உறிஞ்சும் மெஷினின் துதிக்கையை முறுக்கிப் பார்த்தார். தோட்டத்துக் குழாயை முகர்ந்து பார்த்தார். ஏன் முகர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரையும் விடவில்லை.

"டாக்டர், உங்க நாற்காலிப் பக்கத்துல ஒரு டியூப் தொங்குமே, எச்சில் உறிஞ்சுறது. அது என்ன விட்டம்?"

"வாயைத் திறங்க, வச்சுக் காட்டுறேன்."

"என் வாய் நல்லாத்தான் இருக்கு."

"அதை உங்க வீட்ல சொல்லணும்."

உதிரிபாகக் கடைக்குப் பதினோரு தடவை போனார். வெடித்த ஹோஸைக் குழந்தை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு போவார். கடைக்காரர் தூரத்தில் பார்க்கும்போதே தலையாட்டுவார். "அந்த வண்டிக்கு இல்லைங்க."

நான்காம் நாள் மனைவி கேட்டாள். "வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இருந்த ஹோஸ் எங்கே?"

"எது?"

"இத்தனை நாள் இருந்தது."

"ஒரு ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கேன்."

"நல்லது. என் துணியைக் கையால துவைச்சுக்கிட்டேன். உங்க துணியை ஆராய்ச்சி முடியட்டும்னு வச்சிருக்கேன்."

அழுக்குச் சட்டையோடு அவர் வேலையில் இறங்கினார். வாஷிங் மெஷின் ஹோஸை இரண்டாக வெட்டினார். நடுவில் தொட்டிக்கடியில் கழற்றிய முழங்கைக் குழாய். ஆறு கிளாம்ப், மூன்று சுற்று டேப். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பினார். அடியில் செய்தித்தாளை விரித்து அரைமணி நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்லை!" என்று கத்தினார். டாக்டர் வந்தார். மனைவி வந்தாள். இரண்டு தையல் பெண்களும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். பாட்டரி புதிது, பெட்ரோலும் புதிது. சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல். மூன்றாவதில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆறு வருஷத்துத் தூசி ஷெட்டை நிரப்பியது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

பெருமையில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். ஹோஸ் சப்பென்று ஒட்டிக்கொண்டது, வெயிலில் வதங்கிய வெண்டைக்காய் மாதிரி. தண்ணீர் நின்றது. சூட்டு முள் ஏறியது. மேலே மூடி திறந்து ஆவி கூரையைத் தொட்டது. முழங்கைக் குழாய் பறந்துபோய் டாக்டரின் காலடியில் விழுந்தது.

டாக்டர் அதைக் கையில் எடுத்துப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இது உறிஞ்சுற குழாயாச்சே ஓவர்சியர் சார். மெத்துனு இருந்தா உள்ளே சப்பிக்கும். எங்க டியூப்பெல்லாம் அதுக்குத்தான் விறைப்பா வர்றது."

"தண்ணி கீழே இறங்கும் டாக்டர். உறிஞ்சாது."

அவர் சர்வீஸ் முழுக்க மேட்டுத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர். அவர் குழாயில் எதையும் எதுவும் உறிஞ்சியது கிடையாது. அனுபவம் அங்கேதான் கவிழ்த்தது.

மனைவி குனிந்து இஞ்சினைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் தண்ணியை இழுக்குதா, தள்ளுதா?"

"...இழுக்குது."

"அப்ப உள்ள சுருங்காம இருக்க ஏதாவது வேணும்ல?"

அவள் மேலே போய்ப் பட்டன் டப்பாவோடு வந்தாள். ஸ்பிரிங்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க, அடைப்பு."

மாடிப்படியில் சிரிப்பு.

"ஸ்பிரிங் சரி, ஹோஸ்?" என்றார் ஓவர்சியர், குரல் இறங்கி. "பதினோரு தடவை காட்டியாச்சு. எதுவும் இதோட பொருந்தலை."

"எப்படிப் பொருந்தும்? அது ஊறி உப்பிக் கெடக்கு. இழுத்துப்போன சட்டையை வச்சா புதுசுக்கு அளவெடுப்பாங்க? ஆளை நிக்க வச்சில்ல எடுக்கணும்."

துணி மாட்டும் கம்பி ஒன்றை நீட்டினாள். ரேடியேட்டர் வாயிலிருந்து இஞ்சின் வாய் வரை விட்டு வளைத்தாள். விசிறி உரசாமல் ஒரு நெளிவு கொடுத்தாள். இரண்டு வாயையும் இன்ச் டேப்பால் சுற்றி அளந்தாள். ஓவர்சியர் பக்கத்திலேயே குந்தி, கண் கொட்டாமல் பார்த்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பி எப்படி வளைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்க முடியவில்லை.

கடைக்காரர் பன்னிரண்டாம் தடவையும் தலையாட்டத் தயாரானார். மனைவி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, வண்டி பேரே வேண்டாம். இந்த வளைவு உங்க சுவத்துல எதுல இருக்கு?"

சுவர் நிறைய ஹோஸ்கள் தொங்கின. கடைக்காரர் கம்பியை வாங்கினார். அவர் முகமே மாறியது. ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நாலாவது வரிசையில் நின்றார். பால் வேனுக்கு வரும் மேல் ஹோஸ். கைநீளம். அதன் நடுப்பகுதி கம்பியோடு அப்படியே படிந்தது. மனைவி தையல் சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டாள். கடைக்காரர் வெட்டினார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் ஓவர்சியரிடம்.

"நீ கேட்டியா?" என்றார் ஓவர்சியர்.

ஸ்பிரிங்கை உள்ளே நுழைத்து மாட்டினார்கள். இஞ்சின் ஓடியது. அழுத்தினார். உறுமியது. ஹோஸ் அசையவில்லை. சூட்டு முள் பாதியில் போய் மரியாதையாக நின்றது. ஓவர்சியருக்குக் கண் கலங்கியது. புகை என்றார்.

"தெருமுனை வரைக்கும் போனாப் பத்தாதுங்க" என்றாள் மனைவி. "நல்லாச் சூடேறினாத்தானே தெரியும்? ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. டாக்டரையும் கூட்டிட்டுப் போங்க."

"அவர் எதுக்கு?"

"நீங்க இறங்க வேண்டாமா?"

எல்லாக் குழாயையும் துருவிப் பார்த்த மனிதர் இதை மட்டும் துருவவில்லை. சிவப்புக் கார் ஏற்றத்தில் சீறிக்கொண்டு ஏறியது.

ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார். சிக்னலில் நின்ற பஸ் டிரைவர் கட்டை விரலைக் காட்டினார். ஓவர்சியருக்கு இருபது வயது குறைந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் திரும்பலாம் என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கால்மணி சுத்தலாம் சார்."

"அவ்வளவு பிடிச்சுப் போச்சா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

வீட்டு வாசலில் நிறுத்தியதும் டாக்டர், பேஷண்ட் காத்திருக்கிறார் என்று குதித்து ஓடினார். அன்று அவர் கிளினிக்குக்கு விடுமுறை. ஓவர்சியர் தனியாக, தவணை முறையில் இறங்கினார்.

ஷெட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே மூன்று மெஷின். நடுவில் வெட்டும் மேஜை. நேற்றுவரை ஸ்பேனர்கள் தொங்கிய ஆணிகளில் நாற்பது சீருடை. இரண்டு பெண்களும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் எண்ணெய்க் கறை கூட இல்லை.

"என்... என் சாமான்லாம்?"

"பத்திரமா இருக்கு. படுக்கை அறையில வச்சுட்டேன். கட்டில்ல ஏறும்போது மட்டும் பாத்து ஏறுங்க, ஸ்பேனர் இருக்கு."

"வண்டி எங்கே நிக்கும்?"

"எங்கே வேணா நிக்கும். அதான் ஓடுதே."

ஓவர்சியர் வானத்தைப் பார்த்தார். நல்லவேளை, மேகம் திரண்டிருந்தது. "மழை வருது பாரு! பெயிண்ட் என்னாகும்? உள்ளே நனையும். சீட்டெல்லாம் தோலு. இதை நீ யோசிச்சியா?"

அவள் மேஜைக்கடியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை எடுத்தாள். படி ஏறி வந்து வண்டி மேல் உதறி விரித்தாள். கனமான கித்தான் உறை. நான்கு மூலையிலும் எலாஸ்டிக். சுருக்கம் இல்லை, தொய்வு இல்லை. பக்கக் கண்ணாடிகளுக்குத் தனிப் பை வைத்துத் தைத்திருந்தாள்.

ஓவர்சியர் உறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தையலைத் தடவிப் பார்த்தார். கோபத்தை மீறி ஒரு கேள்வி அரித்தது. கேட்டுவிட்டார்.

"இவ்வளவு கச்சிதமா எப்ப அளவெடுத்தே?"

"நீங்க ஹோஸைக் கழட்ட வண்டிக்கு அடியில படுத்திருந்தீங்களே, அன்னிக்கு. வெளியே நீட்டிக்கிட்டிருந்த உங்க காலை மட்டும் கழிச்சுக்கிட்டேன்."