என் மகளின் நேர்காணலில் நான் ஆடிய ஆட்டம்

பெற்ற பிள்ளைக்கு உதவி செய்தே தீருவது என்று கிளம்பிவிட்ட தகப்பனைப் போல ஆபத்தான பிராணி வேறு கிடையாது. வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒன்றுகூட என்னை எச்சரிக்கவில்லை. எச்சரித்திருந்தாலும் அடிக்கோடு போட்டிருப்பேனே தவிர, கேட்டிருக்க மாட்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் நான். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்று ஊராருக்குச் சொல்வதற்குச் சம்பளம். (வீட்டில் அந்த விதி அமலில் இல்லை.)

மகள் ஜெனிபருக்கு அப்போது பதினாறு வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். நடை கொஞ்சம் இழுக்கும், பேச்சு ரொம்பவே இழுக்கும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மீஞ்சூர் ரயில்வே கேட்டை மூடித் திறந்துவிடலாம். ஆனால் வருகிற வார்த்தை சரியான வார்த்தையாக இருக்கும். எனக்கு நேர் எதிர்.

அந்தக் கோடை விடுமுறையில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஓர் அறக்கட்டளை ஒரு மாதம் ஆன்லைன் வகுப்பு நடத்தியது. கடைசி நாள், வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் பேசுவார்கள். தனியாகச் சமாளிப்பார்கள் என்று தோன்றினால் சென்னையில் நேரடியாகக் கம்ப்யூட்டர் பயிற்சி. ஜெனி அதற்காகத் தவம் கிடந்தாள். கம்ப்யூட்டர்கூட இரண்டாம் பட்சம். தினமும் மின்சார ரயிலில், யாரும் கையைப் பிடிக்காமல், அவளாகப் போய் வரலாம்.

பெற்றோர் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி.

"வெளிய வாங்க. அது பேசிக்கும்" என்றாள் என் மனைவி எஸ்தர்.

"நான் வாயே தொறக்க மாட்டேன். சும்மா நின்னுக்கினு இருக்கேன்."

வாக்குத் தவறவில்லை. மேஜைமேல் சாய்த்து வைத்த போனுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், லுங்கியும் பனியனுமாக நின்றேன்.

டீச்சர் கேட்டார்: "ஜெனி, ரயில்ல தனியா வர்றே. தப்பான ஸ்டேஷன்ல இறங்கிட்டே. என்ன பண்ணுவே?"

"நான்..." என்றாள் ஜெனி. கேட் மூடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்து, 'நைனாவுக்கு போன் பண்ணு' என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ரயில்வே போலீஸைக் காட்ட மீசையை முறுக்கி சல்யூட் அடித்தேன். ஸ்டேஷன் மாஸ்டருக்காகத் துண்டைக் கொடியாக ஆட்டினேன். போனிலிருந்து சிரிப்பு கேட்டது. முதலில் ஒருவர், அப்புறம் எல்லோரும். யாரோ ஒரு பையன், "மிஸ், ஜெனிக்குப் பின்னாடி ஒரு அங்கிள் இன்னாமா டான்ஸ் ஆடுறாரு!" என்றான்.

பின்னாடியா? நிமிர்ந்து பார்த்தேன். ஜெனியின் நாற்காலிக்குப் பின்னால் எங்கள் கல்யாணச் சீர் பீரோ. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதில் கொடி பிடித்தபடி நான்.

அத்தோடு ஓடியிருக்கலாம். கேமரா முன்னால் வந்து, "மேடம், அவ இன்னா சொல்ல வர்றான்னா..." என்று விளக்கினேன். "அவ சொல்லட்டும் சார்" என்றார் டீச்சர். ஆனால் ஜெனிக்குக் கோபமோ வெட்கமோ வந்தால் உடம்பெல்லாம் விறைத்து, நாக்கு மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியாததில்லை. ஐந்து நிமிடம் முடிந்தது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போனை அணைத்து வெகுநேரம் கழித்து அவள் பதில் வந்தது. "நான்... பக்கத்துல... இருக்கற பொம்பளைங்கள... கேப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஒனக்கு... போன் பண்ண... மாட்டேன் நைனா. நீ... பேசிக்கினே இருப்ப."

நான் காட்டிய மூன்று பதில்களைவிட நல்ல பதில். கேட்டவன் நான் ஒருவன்தான்.

இடம் கிடைக்கவில்லை. டீச்சருக்கு போன் செய்து கெஞ்சினேன். "அவளை எங்களால பார்க்கவே முடியலையே சார். உங்களைத்தான் பார்த்தோம்" என்றார், வருத்தமாகத்தான். அடுத்த கோடையில் அந்த வகுப்பே நடக்கவில்லை. ஜெனி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. மற்ற நாட்களில் அவளை எவ்வளவு பேசவிட்டேன் என்று யோசித்தால், அந்த ஒன்பது நாளைத் தண்டனை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போதும் சர்ச் வாசலில் யாராவது, "இன்னாமா படிக்கிறே?" என்று அவளைக் கேட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். உடனே எஸ்தர், "பீரோவுல தெரியிறீங்க" என்பாள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். கல்யாண வீடுகளில் எனக்கே நடித்துக் காட்டுகிறார்கள்.

சில நாள் எஸ்தர் பக்கத்தில் இருக்க மாட்டாள். அப்போது ஜெனியே ஆரம்பிப்பாள். "நைனா... பீரோவுல..." மீதி என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும், பாதியிலேயே சிரித்துவிடுவார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.