வளையமாதேவிக்கு மட்டும் கிளம்பாத வண்டி

ஒரே ஒரு நகரியத்தில், நம்பர் போட்ட ஒரு பிளாக்கில், முருங்கை மரத்தடியில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்ததாம். அந்த ஸ்கூட்டருக்கு ஒரு சொந்தக்காரன். அந்தச் சொந்தக்காரனுக்கு ஒரு சொந்தக்காரி. அவன் பெயர் சிங்காரவேல், அவள் பெயர் புஷ்பவல்லி. இது அரசர் காலத்துக் கதை இல்லை. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு நடந்ததுதான்.

சிங்காரவேல் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் மெக்கானிக். பெர்மனென்ட். மண்ணையும் கரியையும் சுமந்து மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட்டில் சத்தம் லேசாக மாறினாலும் போதும், எந்த உருளை மக்கர் பண்ணுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனால் வீட்டு வாசலில் நிற்கிற ஸ்கூட்டரின் சீக்கைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

சீக்கும் லேசுப்பட்டதல்ல. விடிகாலை ஏ ஷிப்டுக்குப் போக ஒரே உதையில் கிளம்பும். மந்தாரக்குப்பத்துக்குப் பரோட்டா வாங்கப் போக அரை உதை போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி தலையில் பூ வைத்துக்கொண்டு, "வளையமாதேவிக்குப் போயி அப்பாவப் பாத்துட்டு வரலாங்க" என்று வந்து நின்றால் தீர்ந்தது. நாற்பது உதை உதைப்பான். வண்டி ஒரு இருமல்கூட இருமாது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் சுப்பிரமணியன் திருநெல்வேலிக்காரர். வேலியோரம் நின்று விசாரிப்பார்.

"பிளக்கத் தேய்ச்சுப் பாத்தீரா?"

"தேய்ச்சிட்டேன் சார்."

"கார்ப்ரேட்டரு?"

"ஊதிட்டேன்."

"பெட்ரோல் கெடக்கா?"

"நேத்துதான் ரொப்புனேன்."

"அப்போ வண்டிக்கு உம்ம மாமனாரப் பிடிக்கல வே!"

சிங்காரவேல் குனிந்து இன்னொரு உதை விட்டான்.

உண்மையை இங்கேயே சொல்லிவிடலாம். ஞாயிறு காலையில் புஷ்பவல்லி குளிக்கப் போனதும், சிங்காரவேல் வண்டியின் பக்க மூடியைத் திறப்பான். பிளக்கின் தலையில் மாட்டியிருக்கிற ரப்பர் கேப்பை ஒரு விரற்கடை வெளியே இழுத்துவிட்டு மூடிவிடுவான். அவ்வளவுதான். பொறி பறக்காது. பிறகு எத்தனை உதைத்தாலும் உதைக்கிறவன்தான் களைப்பான். பயணம் நின்று, பூ வாடிய பிறகு, மத்தியானம் போய் அதை அழுத்திவிடுவான். வண்டி மறுபடி குதிரை.

மாமனார் சின்னதுரையின் மேல் அவனுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவருடைய நிலத்தின் மேல்தான் பயம். வளையமாதேவியில் அவருக்கு மூன்று காணி நெல் வயல். சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த வீட்டுப் படியில் கால் வைத்தவுடன் ஊரே கேட்கும்: "எப்ப எடுக்குறாங்க? வூட்டுக்கு ஒரு வேல உண்டா? நீ உள்ள இருக்கிறவன், ஒனக்குத் தெரியாததா?" உருளைக்குக் கிரீஸ் போடுகிறவனுக்கு என்ன தெரியும்? அந்த மண்ணை நாளைக்குச் சுமக்கப்போகிற பெல்ட்டைத் தொட்ட கையால் அந்த மண்ணின் சோற்றைப் பிசைவான். சோறு இறங்காது. தெரியாது என்று சொல்ல வெட்கம். வண்டி கிளம்பவில்லை என்று சொல்ல வெட்கமில்லை.

ஆறு மாதம் இப்படி ஓடியது. அதாவது, ஓடாமல் நின்றது.

புஷ்பவல்லி அடுக்களைக் காலண்டரில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். வண்டி கிளம்பின நாளுக்கு ஒரு புள்ளி, கிளம்பாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. ஆறு மாதத்துப் பெருக்கல் குறிகளும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அடுத்த ஞாயிறு, குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். பார்த்ததோடு சரி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் பூ வைத்துக்கொண்டாள், அன்றைக்கும் நாற்பது உதைக்குக் காத்திருந்தாள்.

அதற்கும் அடுத்த ஞாயிறு அவள் பூவே வைக்கவில்லை. சிங்காரவேல் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அந்த வண்டியும் பாவம், ஒங்க முட்டியும் பாவம்."

"அத ஏன் கேக்கிற புஷ்பா."

"அதான், அப்பாவயும் தம்பியயும் இங்கயே வரச் சொல்லிட்டேன். பஸ்ஸு ஏறிட்டாங்களாம்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"ஐயோ, எனக்கு எமர்ஜென்சி டூட்டி! பெல்ட்டு அறுந்து போச்சாம்!"

"போனே அடிக்கலியே?"

"சைலண்ட்ல அடிச்சிது."

"அப்ப போய்ட்டு வாங்க. பெல்ட்டு காத்துகினு இருக்கும்."

ஓடினான். உதைத்தான். ஒன்று, ஐந்து, பதினைந்து. இன்றைக்கு அவன் வண்டியில் கையே வைக்கவில்லையே! மூடியைத் திறந்தான். பிளக் மொட்டைத் தலையோடு நின்றது. கேப்பைக் காணோம்.

ஜன்னலில் புஷ்பவல்லி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. 'கேப்ப எடுத்தியா?' என்று கேட்கலாம். 'அது எங்க இருக்குன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?' என்று அவள் திருப்பிக் கேட்டால்? கேட்டாலும் மாட்டினான், கேட்காவிட்டாலும் மாட்டினான். அதற்குள் கேட் திறந்தது.

முன்னால் மச்சினன் சிவசங்கர், தலையில் அரிசி மூட்டை. பின்னால் சின்னதுரை.

"என்னா மாமா, இன்னுமா படுத்துகினு கெடக்குது?" சிவசங்கர் மூட்டையை இறக்கிவிட்டுக் குனிந்தான். "அட, கேப்பே இல்ல மாமா!"

"அய்யய்யோ!" என்று ஓடிவந்தாள் புஷ்பவல்லி. "இவ்ளோ பெரிய மெக்கானிக்கு கண்ணுல இது படலியே!"

"எலி தூக்கினு போயிருக்கும்" என்றான் சிங்காரவேல்.

"ஞாயித்துக்கெழம மட்டும் வர்ற எலிங்களா?" என்றாள் புஷ்பவல்லி. சின்னதுரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாப்பாட்டில் உட்கார்ந்தார்கள். கொண்டுவந்த அரிசியில் வடித்த சோறு. இரண்டாவது கவளத்தில் சிவசங்கர் கேட்டேவிட்டான். "மாமா, நெலத்த எப்பதான் எடுப்பாங்க? எனக்கு வேல கெடைக்குமா?"

ஓட வண்டி இல்லை. சிங்காரவேல் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குத் தெரியாதுப்பா. எங்கிட்ட யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சாலும் தடுக்கிற எடத்துல நான் இல்ல."

சின்னதுரை கையை உதறினார்.

"இத சொல்றதுக்கா மாப்ள, ஆறு மாசமா வண்டிய ஒதச்சிகினு கெடந்தீங்க?"

சின்னதுரையே தொடர்ந்தார்.

"எங்களுக்கும்தான் ஒண்ணும் தெரியல. தெரியாதவங்க எல்லாம் ஒண்ணா ஒக்காந்து தின்னா சோறு எறங்கும்னுதான் கூப்புட்டோம்." பிறகு மகள் பக்கம் திரும்பி, "மோர் இருந்தா ஊத்தும்மா" என்றார்.

அன்றைக்கு சிங்காரவேல் மூன்று தடவை சோறு வாங்கினான்.

சாயங்காலம் அவர்கள் ஊர்ப்பக்கம் போகிற சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நேரமானது. புஷ்பவல்லி புளிப்பானைக்குள் கைவிட்டுக் கேப்பை எடுத்துத் துடைத்து நீட்டினாள். "அப்பாவ பஸ் ஸ்டாண்டுல கொண்டு போயி வுடுங்க."

வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக அவன் அந்த வண்டியை உதைத்ததில்லை. ஒன்று. பத்து. முப்பது. நாற்பது. ஆறு மாதம் இழுத்து இழுத்து, கேப்புக்குள் இருந்த பிடிப்பு தளர்ந்து போயிருந்தது. பிளக்கில் அது நிற்கவே மாட்டேன் என்றது.

"புஷ்பா, சத்தியமா இப்ப நான் ஒண்ணுமே பண்ணல!"

சின்னதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிவசங்கர் சிரிப்பை அடக்க முடியாமல் பின்னால் போனான். புஷ்பவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டண்டை நின்று திரும்பினாள்.

"நடக்கிறதுக்கு ஒதைக்க வேணாங்க. வாங்க."

சிங்காரவேல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.