கர்ச்சீப் அண்ணாவும் திறக்காத கேபினும்

நீலகிரித் தைலத்தின் வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் சளி ஞாபகம் வரும். எனக்குக் கால்வலி பாதி குறைந்துவிடும். போன வாரம் கேம்ப் ரோடு மருந்துக் கடையில் ஒரு பெண்மணி தைலச் சீசாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். என் கண்கள் தாமாகவே கடைக்குள் காலி நாற்காலி தேடின. எங்கோ பக்கத்தில் எனக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்று உடம்பு நம்பிவிட்டது. வருடக்கணக்கான பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பெயர் கர்ச்சீப் அண்ணா.

தாம்பரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனிதர் உட்காரக்கூடிய பொருள் என்று என்னவெல்லாம் உண்டோ, அதன்மேலெல்லாம் ஒரு முறையாவது அவருடைய கைக்குட்டை உட்கார்ந்திருக்கிறது. பஸ் சீட், ரயில் பலகை, கல்யாண மண்டப நாற்காலி, பல் டாக்டர் வீட்டு பெஞ்ச், ஒரு முறை தண்ணீர் லாரியின் முன்சீட். கைக்குட்டை உட்கார்ந்ததே தவிர, அவர் உட்கார்ந்து பார்த்தவர் எங்கள் சேலையூர் காலனியில் யாருமில்லை. தூங்கும்போதும் நின்றுகொண்டே தூங்குவார் என்று பிள்ளைகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு.

கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தாம்பரம் பிளாட்பாரத்துக்குள் காலி மின்சார ரயில் வளைந்து நுழையும். அது நிற்பதற்கு முன்பே அவர் மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டும். வெள்ளைக் கைக்குட்டை ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து, ஒரு புறா வந்து அமர்வதுபோல, நினைத்த இடத்தில் போய் விழும். முனையில் ஒரு கொட்டைப்பாக்கை முடிந்து வைத்திருப்பார், பறப்பதற்கு எடை வேண்டும் அல்லவா. துணியில் நீலகிரித் தைலம் தெளித்திருப்பார். அவருக்குச் சளியெல்லாம் கிடையாது. அந்த நெடிக்குப் பக்கத்தில் உட்காரப் பிறத்தியாருக்குத் துணிச்சல் வராது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த இடங்களில் எங்களையெல்லாம் உட்காரவைத்துவிட்டு, அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் பட்டமாக ஆடியபடி வருவார். நீங்களும் உட்காருங்களேன் என்றால், நின்றால்தான் தனக்கு ரத்த ஓட்டம் ஒழுங்காக இருக்கிறது என்பார்.

சினிமாவுக்குப் போனாலும் இதே கதை. டிக்கெட்டில் சீட் நம்பர் அச்சடித்திருக்கும். இவர் எல்லாருக்கும் முன்னால் இருட்டுக்குள் ஓடிப் போய்த் துணி போட்டுவிட்டு மூச்சு வாங்க நிற்பார்.

"டிக்கெட்லதான் நம்பர் இருக்கே, அண்ணா. எதுக்கு ஓடறீங்க?" என்று கேட்டேன்.

"நம்பர் டிக்கெட்லதான் சிஸ்டர் இருக்கு. சீட்ல நம்ம துணி இல்ல இருக்கணும்?"

கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். ஒரே மண்டபத்தில் மாடியில் ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம். அவசரத்தில் அண்ணா மாடிப் பந்தியில் முழு வரிசைக்குத் துணி விரித்துவிட்டார். எங்கள் கல்யாணம் கீழே. முதுகுக்குப் பின்னால் கைகட்டி அவர் நின்ற தோரணையைப் பார்த்து, மாடிப் பெண்ணின் அப்பா அவரைச் சமையல் காண்டிராக்டர் என்று நினைத்து, வத்தக்குழம்பில் உப்பு தூக்கலாக இருப்பதாகக் கோபித்துக்கொண்டார். அண்ணா மறுக்கவில்லை. உள்ளே போய்ச் சொல்லி, வேறு குழம்பு வரவழைத்துவிட்டுத்தான் கீழே இறங்கி வந்தார். அதற்குள் எங்கள் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. டீச்சர் என்றால் அண்ணாவின் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். ஒரு புருவத்தை உயர்த்தியே ஒரு வகுப்பை அடக்கக்கூடியவர். அன்றைக்கு அடுத்த பந்தியில் டீச்சருக்கென்று பிடித்துவைத்த நாற்காலியில் கடைசி நிமிடத்தில் வேறு யாரையோ உட்காரவைத்திருந்தார் அண்ணா. டீச்சர் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாயசம் குடித்தார். அது முதல் தடவையும் இல்லை.

டீச்சர் ஓய்வு பெற்ற கோடையில், காலனி சங்கத்தில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சொகுசுக் கப்பலில் போவது என்று முடிவானது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் சுற்றிவிட்டு, அங்கேயே வந்து இறங்குவது. மொட்டைமாடிக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், டீச்சர் எழுந்து ஒரு நிபந்தனை வைத்தார்.

"கல்யாணத்தன்னிக்கு மணையில என் பக்கத்துல உட்கார்ந்தாரு. அதுக்கப்புறம் இன்னும் உட்காரல. கப்பல்ல ஏறின உடனே ஜன்னல் பக்கமா நாங்க ரெண்டு பேரும் உட்காரணும். நான் எழுந்திருங்கன்னு சொல்ற வரைக்கும் இவரு எழுந்திருக்கக் கூடாது. யாருக்காவது இடம் பிடிக்கக் கிளம்பினாரு, நான் இறங்கிடுவேன். பீச் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. ட்ரெயின் பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவேன்."

டீச்சர் சொன்னால் செய்வார். பெற்ற மகளையே கணக்கில் ஃபெயில் போட்டவர். அண்ணா தலையாட்டினார். கைக்குட்டைகள் அத்தனையும் பறிமுதலாகி பீரோவுக்குள் போயின. இன்னொரு துக்கமும் அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. கப்பலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி அறை, அதற்குக் கேபின் என்று பெயர், அதன் நம்பர் முன்கூட்டியே வந்துவிட்டது. "நமக்கே நமக்கா? நாம போறதுக்குள்ள யாரும் வந்து உட்கார்ந்துக்க மாட்டாங்களா?" என்று என் கணவரிடம் பல முறை கேட்டார். மாட்டார்கள் என்றதும் அவர் முகத்தில் பரவியதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

புறப்படும் நாள். பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள், அவை தாமாக அறைக்கு வந்துவிடுமாம். கைப்பைகளோடு நாங்கள் ஏறினோம். வெள்ளைச் சீருடைப் பெண் ஒருத்தி பன்னீர் தெளிக்காத குறையாகச் சிரித்து வரவேற்றாள். அறைக்குப் போகும் நடையில் மட்டும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. முந்தின பயணிகள் காலையில்தான் இறங்கினார்களாம். கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, கேபின் திறக்க மத்தியானம் ஆகும். அதுவரை மேல்தளத்துக் கூடத்தில் இளைப்பாறலாம் என்றாள். கூடத்தில் ஏற்கெனவே பாதிச் சென்னை இளைப்பாறிக்கொண்டிருந்தது.

எங்கள் காலனி ஹார்டுவேர் கடை பாய், இரண்டு முழங்காலும் தேய்ந்தவர், தூணில் சாய்ந்துகொண்டார். "இன்னாண்ணே இது, ரூமுக்குத் துட்டு கட்டிட்டு வாசல்ல நின்னுகினு கீறோம்" என்றார், அண்ணாவைப் பார்த்து. எங்கள் எல்லாருடைய கண்களும் அண்ணாவைத்தான் பார்த்தன. மழைக்கு ஏங்கும் ஊர் வானத்தைப் பார்க்குமே, அப்படி.

அண்ணா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கடலைப் பார்த்தார். கண்ணாடிச் சுவரை ஒட்டி இருவர் மட்டும் அமரும் நீல சோபா ஒன்று, எப்படியோ யார் கண்ணிலும் படாமல், காலியாக இருந்தது. டீச்சர் நடந்து போய் அதில் அமர்ந்து, பக்கத்து இடத்தை ஒரு தட்டு தட்டினார்.

கர்ச்சீப் அண்ணா உட்கார்ந்தார்.

அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். முதன்முறை சலூன் நாற்காலியில் ஏற்றிய குழந்தைபோல, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், சோபாவின் விளிம்பில் முள்மேல் இருப்பவராக இருந்தார். கண்ணாடிக்கு வெளியே கிரேன்கள், அடுக்கடுக்காகக் கண்டெய்னர்கள், அவற்றுக்கு மேல் சோம்பலாக வட்டமிடும் பருந்துகள், எல்லாவற்றுக்கும் பின்னால் வெயிலில் தகதகத்துக்கொண்டு ஒரு முழுக் கடல். டீச்சர் அதில் தன்னை மறந்திருந்தார். அண்ணாவின் கழுத்து மட்டும் மெல்ல மெல்லக் கூடத்தின் பக்கம் திரும்பியது.

கீழ்க்கட்டளையிலிருந்து வந்த ஒரு புதுமண ஜோடி. பெண்ணின் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு இடம் கிடைக்காமல், அவள் ஒரு கோடியிலும் அவன் மறு கோடியிலும் உட்கார்ந்து, கூடத்தின் குறுக்கே கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாவால் எவ்வளவு நேரம்தான் தாங்க முடியும்? எழுந்துவிட்டார்.

"சின்னஞ்சிறுசுங்கம்மா. இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்கு. தனித்தனியா உட்கார்ந்திருக்குதுங்க" என்றார், டீச்சரின் முகத்தைப் பார்க்காமல்.

"நமக்கும்தான் ஆயிருக்கு" என்றார் டீச்சர். ஆனாலும் எழுந்து இடம் கொடுத்தார்.

அணை உடைந்தது அதற்குப் பிறகுதான். கைக்குட்டை கைவசம் இல்லாவிட்டால் என்ன? யாராவது சாப்பாட்டுக்கு எழுந்த மறுகணம் அந்த நாற்காலியில் அண்ணாவின் தொப்பி விழுந்தது, அடுத்ததில் மூக்குக்கண்ணாடிக் கூடு, அதற்கடுத்ததில் மூக்குக்கண்ணாடியே. கப்பலுக்கென்று புதிதாக ஷூ போட்டு வந்திருந்தார். குனிந்து இரண்டு சாக்ஸையும் உருவினார். அவற்றில் தைலம் இல்லை. தேவையும் இருக்கவில்லை. தொப்பி இருந்த இடத்தில் முதலில் பாய் உட்கார்ந்தார். பிறகு என் மாமியார், சங்கச் செக்ரட்டரி, செக்ரட்டரியின் மச்சான் என்று சேலையூரே வரிசையாக அமர்ந்தது. கடைசியில் நானும். சாக்ஸ் இருந்த இடம். மறுக்கும் நிலையில் என் கால்கள் இல்லை.

கப்பல்காரர்களுக்கு நம் ஊர்ச் சட்டம் தெரியாதது அவர்கள் பிழையில்லை. உட்கார்ந்தவர்கள் எடுத்து அங்குமிங்கும் வைத்த தொப்பி, கூடு, கண்ணாடி, சாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பணியாள், பாவம் யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று, வெள்ளைக் கையுறையால் பொறுக்கித் தட்டில் ஏந்திக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டான். சாக்ஸை இடுக்கியால் எடுத்ததாகப் பாய் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். கண்ணாடி இல்லாத அண்ணா கூடத்தின் நடுவே நின்று, எதிரே தெரிந்த உருவங்களையெல்லாம் பார்த்துப் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது டீச்சரைக் கவனித்தேன். கைப்பையைத் தோளில் மாட்டினார். சீருடைப் பெண்ணிடம் போய், கீழே இறங்க எது வழி என்று கேட்டார். அவள் கைகாட்டிய படிக்கட்டில் திரும்பிப் பாராமல் இறங்கினார்.

அண்ணாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, உள்ளிருந்த ஆள் மட்டும் போய்விட்டார். "இறங்கிட்டாளா?" என்றார். படிக்கட்டை நோக்கி ஓர் எட்டு வைத்து, யாருடைய பையிலோ இடறி நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. கேபின்கள் தயார். கூடம் மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்தது. மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் படிக்கட்டில் நிற்பவருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டாம். கூட்டம் என்னையும் என் கணவரையும் அள்ளிக்கொண்டு போய்க் கேபின் வாசலில்தான் இறக்கியது. கட்டிலில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. படியேறித் திரும்ப ஓடினேன்.

கூடம் காலி. இத்தனை நாற்காலிகள், இத்தனை சோபாக்கள், ஒன்றில்கூட ஆளில்லை. அண்ணா வாழ்நாளெல்லாம் தேடிய காட்சி அது, கடைசியில் கிடைத்தபோது கொடுப்பதற்கு ஒருவருமில்லை. கண்ணாடிச் சுவர் ஓரத்து நீல சோபாவில் இரண்டு தலைகள் தெரிந்தன. அண்ணாவின் மூக்கில் மூக்குக்கண்ணாடி இருந்தது. டீச்சர் மடியில் தொப்பியும் கூடும் இருந்தன, அவற்றின்மேல் ஒழுங்காக மடித்து வைத்த சாக்ஸ் ஜோடி. தொலைந்த பொருள் கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வரத்தான் அவர் இறங்கியிருக்கிறார். அண்ணாவின் கண் கலங்கியிருந்தது. முதுகு, முதல் தடவையாக, சோபாவில் முழுசாகச் சாய்ந்திருந்தது.

"கேபின் திறந்துட்டாங்க அண்ணா, வாங்க" என்றேன்.

பழக்கதோஷம், அவர் எழப் போனார். டீச்சர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"நீ போம்மா. இவரு இப்பத்தான் உட்கார்ந்திருக்காரு."