பெரிய பெட்டியின் கடைசி மூச்சு

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒருநாள் காலையில் எழுந்து, பல்கூடத் துலக்காமல், ஒரு சபதம் எடுத்தார். வீட்டிலிருக்கும் இரண்டு கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்கு இந்த மாதம் புத்துயிர் வரப்போகிறது. அது தன்னுடையதாகத்தான் இருக்கும்.

சபதம் எடுப்பது அவருக்குப் பழக்கம். முடிப்பதுதான் பழக்கமில்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்து யாரும் எழுந்து நிற்க வேண்டாம். கட்டடங்களில் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது அவர் பார்த்த உத்தியோகம். வாழ்க்கையில் அவரளவுக்கு ஏறி இறங்கியவர் கிடையாது. பாதியில் நிற்கிற லிஃப்டுக்குள் நின்று அவர் ஒரு கனைப்புக் கனைத்தால் போதும், அது பயந்துபோய்ப் புறப்பட்டுவிடும் என்பார்கள். ‘என்பார்கள்’ என்றால், அவர் என்பார். ஓய்வு பெற்ற பிறகு ஏறி இறங்க ஒன்றுமில்லாமல் முன்னறையில், சக்கரம் வைத்த மெத்தை நாற்காலியில், கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெரிய பெட்டி வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிமிரும். தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர். இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். அண்டை அயலெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ‘தும்மாதீங்க, உள்ள போயிடும்’ என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். ஒருவர் தும்மலை அடக்கி அடக்கி மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மனைவி அதற்கு நீல வெல்வெட்டில் ஓர் உறை தைத்தாள். கல்யாணத்துக்குக்கூட அவருக்கு அப்படிப்பட்ட துணி கிடைத்ததில்லை.

மகளுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. அப்பா மடியில் உட்கார்ந்து, மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டியபடி ஒரு யானை வரைந்தாள். அது பார்க்கப் பானை மாதிரி இருந்தது. “துதிக்கை எங்கம்மா?” என்றார் அப்பா. “அது தண்ணி குடிக்கப் போயிருக்கு” என்றாள் மகள். நடுவில் ஒருமுறை மைத்துனன் அந்தப் பெட்டியின் குடல், ஈரல் எல்லாம் மாற்றிப்போட்டான். யானைமேல் மட்டும் கைவைக்க இன்ஸ்பெக்டர் விடவில்லை.

மகள் வளர்ந்து, படித்து, வேலைக்கென்று கடல் தாண்டிப் போய்விட்டாள். இப்போது ஞாயிறுதோறும் அந்தத் திரையில் வருகிறாள். வருகிறாள் என்ன வருகிறாள், “அப்பா, சாப்...” என்னும்போதே வாய் திறந்தபடி உறைந்துவிடுகிறாள். இன்ஸ்பெக்டர் அந்தத் திறந்த வாயோடு பாதி நேரம் பேசுவார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று மனைவியும் பேசுவாள். கேமராவில் அவளுடைய நெற்றி மட்டும் தெரியும்.

மனைவி தையற்காரி. உள்ளறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறாள். ஏதோ அலுவலகம் மூடியபோது மலிவாக வந்தது. சட்டை, பாவாடை வெட்டுகிற அளவுப் படங்களை அதில்தான் போடுவாள். அதுவும் கிழம்தான். ஒரு காலரைத் திறப்பதற்குள் அவள் ஒரு கையைத் தைத்து முடித்துவிடுவாள்.

“ஏம்மா,” என்று இன்ஸ்பெக்டர் பீடிகையோடு ஆரம்பித்தார். “கம்ப்யூட்டர் விஷயமா ஒரு திட்டம் போட்டிருக்கேன்.”

“போடுங்க. திட்டத்துக்குக் காசு வேண்டாமே.”

“புதுசா வாங்க வேண்டாம். உள்ள ஒரு புது டிஸ்க், ஒரு நல்ல கேமரா. பழைய குதிரை பறக்கும்.”

“எந்தக் குதிரை? உங்களோடதா, என்னோடதா?”

“அது... வந்து... நியாயமாப் பார்த்தா...”

“நியாயமாவே பார்ப்போம்,” என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. “கையில இருக்கிறது ஒரு பெட்டிக்குத்தான் காணும். எது ரொம்ப மோசமா இருக்கோ, அதுக்குச் செய்வோம். சனிக்கிழமை தம்பியை வரச் சொல்றேன். அவன் பார்த்துச் சொல்லட்டும்.”

தம்பி என்றால் மைத்துனன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டருக்குத் தேனாய் இனித்தது. மோசத்தில் போட்டி என்றால் அவரை மிஞ்ச யார்?

சனிக்கிழமை மனைவி காய்கறி வாங்கப் போன நேரத்தில் வெல்வெட் உறையைக் கழற்றினார். திருகாணியைத் திருகினார். உள்ளே பெட்டிக்கு வேகம் கொடுக்கிற மெமரி கார்டு இரண்டு, பச்சை நிறத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியை மூடி ஓடவிட்டுப் பார்த்தார். அது எழுந்திருப்பதற்குள் அவர் பல் துலக்கி, குளித்து, தலைவாரி வந்துவிட்டார். மகா திருப்தி.

மைத்துனன் வந்தான். பெரிய பெட்டியைத் தட்டிவிட்டான். அது முனகியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன அத்தான், இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கு?”

“அதை ஏன் கேக்கிற மச்சான்!” இன்ஸ்பெக்டர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “போன வாரத்துலேருந்து இப்படித்தான். சத்தம் போடுது. சூடாகுது. நேத்து லேசாப் புகைகூட வந்துச்சு.”

“புகையா?” என்றாள் மனைவி.

“கருப்பா.”

“ஐயோ பாவம். இது தேறுமாடா, தம்பி?”

மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான். “புகை வந்துச்சுன்னா கஷ்டம்தான்க்கா. ஓடுற வண்டிக்குத்தான் டயர் மாத்தணும். இதுக்குச் செலவு பண்றது வீண். பேசாம இதைப் பிரிச்சு, நல்லா இருக்கிறதை எல்லாம் எடுத்து உன் பெட்டியில போட்டுடலாம். புது டிஸ்க்கும் கேமராவும் அதுக்கே வாங்கிடுவோம். ரெண்டு கிழத்துல ஒரு குமரி.”

இன்ஸ்பெக்டருக்கு மூச்சு நின்றது. கனைத்துப் பார்த்தார். புறப்படவில்லை.

“மோசமானதுக்குத்தானே செய்யறதாச் சொன்ன!” என்று மனைவியிடம் பாய்ந்தார்.

“மோசமா இருந்தா வைத்தியம் பார்க்கலாம்ங்க. இது போய்ச் சேர்ந்துடுச்சே.”

“யார் சொன்னது? முந்தாநாள்கூட மான் மாதிரி ஓடிச்சு!”

“புகை வந்துச்சுன்னீங்க?”

“அது புகை இல்லம்மா... நான் குடிச்ச டீயோட ஆவி.”

“கருப்பா வந்துச்சுன்னீங்க?”

“பால் விடாத கட்டன் டீ.”

மைத்துனன் சிரிப்பை அடக்கத் திருகாணிகளை எண்ண ஆரம்பித்தான். பெட்டி திறந்தது. உள்ளே ஒரு மெமரி கார்டும், அதன் பக்கத்தில் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு பொக்கையும் இருந்தன.

“ரெண்டு போட்டிருந்தேனே அத்தான். ஒண்ணு எங்க?”

“தேய்ஞ்சு போயிருக்கும்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் போட்டிருந்தது நாள்பட்ட வெள்ளைச் சட்டை. துவைத்துத் துவைத்துக் கண்ணாடியாகிவிட்ட துணி. “சட்டைப் பையில பச்சையா ஏதோ தெரியுதே, வெத்தலையா?” என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

பிடிபட்ட மாணவன் மாதிரி எடுத்துக் கொடுத்தார். “இப்பத் தெரிஞ்சுதில்ல? பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. திருப்பி மாட்டிடு மச்சான்.”

“எதுக்குத் திருப்பி? நீங்களே பாதி கழட்டிட்டீங்க. மீதியை அவன் கழட்டட்டும்,” என்றாள் மனைவி. “என் பெட்டியில ரெண்டு இடம் காலியா இருக்குதானேடா?”

“இதுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குக்கா.”

காலி என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி இன்ஸ்பெக்டரின் மூளையில் உதித்தது. ஆனால் அந்த மூளையும் சற்றுப் பழைய பெட்டி. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிரிக்கும் வேலை நடந்தது. மெமரி இரண்டும் போயின. திரை போயிற்று. ஸ்பீக்கர் போயிற்று. ஒவ்வொன்றும் உள்ளறைக்குப் போகும்போது, பெண்ணை வழியனுப்புகிற தகப்பன் மாதிரி வாசற்படி வரை வந்து நின்றார். பழைய டிஸ்க்கைத் தொட்டதும் அவர் குரல் உடைந்தது. “மச்சான், அதுல யானை இருக்கு.”

“அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி மெல்ல. “துதிக்கை வரைஞ்சு முடிக்காத பிள்ளை அது. விட்டுடுவேனா?”

அதற்கு மேல் அவரால் சண்டை போட முடியவில்லை.

காலிக் கூட்டை அவள் நூல்கண்டு போட்டுக்கொள்ள எடுத்துக்கொண்டாள். வெல்வெட் உறை சின்னப் பெட்டிக்குத் தொளதொளவென்று இருந்தது. அன்றே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. உள்ளறையில், துணிக் குவியலுக்கு நடுவே, மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினாள். தட்டிய கை கீழே வருவதற்குள் பெட்டி விழித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையில் மகள் வந்தாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது! கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. கழுத்தில் எலும்பு தெரிந்தது. ‘ஒழுங்கா சாப்பிடுறதில்ல போல’ என்று முணுமுணுத்தார் இன்ஸ்பெக்டர்.

மகள் திரைக்கு நெருங்கி வந்தாள். “அம்மா...” என்றாள். “உங்க முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சும்மா! இத்தனை நாளா நெத்தியோடதான் பேசிக்கிட்டிருந்தேன். முடி நரைச்சுப்போச்சேம்மா.”

“நரைக்கட்டும். நீ சாப்பிட்டியா?” என்றாள் மனைவி. சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போய் வந்தது.

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. அந்தத் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கையில்தான், அங்கிருந்து எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று புரிந்தது.

“அப்பா எங்கம்மா? ஒரு நெத்தி மட்டும் தெரியுது.”

“அவர்தான் அது.”

மகள் கலகலவென்று சிரித்தாள். “அப்ப நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சா? மாமாவை வரச் சொன்னாப் போதும், அப்பாவே தன் பெட்டியைக் கழட்டிக் கையில குடுப்பார்னு போன மாசமே போன்ல சொன்னீங்களே!”

இன்ஸ்பெக்டரின் தலைக்குள் அதுவரை சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. எல்லாம் ஒரேயடியாகத் திறந்தது.

பேச்சு முடிந்தது. மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்தாள். “ஏங்க, முன்னறையில உங்க சக்கரம் வச்ச நாற்காலி சும்மாதானே கிடக்கு. அது எப்படி? உழைக்குமா, இல்ல அதுவும் கடைசி மூச்சா?”

இன்ஸ்பெக்டர் உஷாரானார். ஒருமுறை மோசம் என்று சொல்லிப் பட்டது போதும். இந்த முறை அவர் ஏமாற மாட்டார்.

“அதுக்கென்ன குறை?” என்று நெஞ்சை நிமிர்த்தினார். “மெத்தை மெத்தை மாதிரி இருக்கு. சக்கரம் வெண்ணெய் மாதிரி ஓடுது. இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்!”

“நல்லதாப் போச்சு,” என்றாள் மனைவி. “தள்ளிக்கிட்டு வாங்க, எனக்கு இந்த ஸ்டூல்ல முதுகு வலிக்குது.”