முழங்கால் என்று பதிவாகிவிட்டது தொடர்பாக

பேட்டை, திருநெல்வேலி
கார்த்திகை 13

சிரஞ்சீவி சிவகணேஷுக்கு அத்தான் திருஞானசம்பந்தம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அக்காள் கோமு போன மாதமே மகள் ப்ரியாவின் பிரசவத்துக்குத் துணையாக மெல்போர்ன் போய்விட்டதால், மற்றவர்களின் சுகத்தைப் பற்றி எழுத இங்கே மற்றவர்கள் இல்லை. சென்னையில் உன் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். மழை பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போகிறது. எழுத வேண்டிய மரியாதைகள் இத்துடன் முடிந்தன, இனி விஷயம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வாயால் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கையால் எழுதுகிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் உன் பிள்ளைகள்தான் முதலில் படிப்பார்கள். ஆகவே ஸ்பீடு போஸ்ட். படித்ததும் கிழித்துப்போடு.

எனக்கு அறுபத்தாறு வயதில் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு அரை மணி நேரமும் இரண்டு தாளும் ஆயிற்று. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போய்விட வேண்டும், அடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் மெல்போர்ன் போனபோது சிங்கப்பூரிலிருந்து ஜன்னல் ஓரத்து சீட் கிடைத்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அதற்கு அடுத்து பாரியான ஒரு மனிதர், மூன்று பேரும் நல்ல தூக்கம். குழந்தை தூங்குவதற்கே அந்தப் பெண் இரண்டு மணி நேரம் பாடுபட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், எப்படி எழுப்புவேன். ஐந்து மணி நேரம் அடக்கினேன். இறங்கினபின் எவ்வளவு முயன்றும் நீர் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டார்கள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது குழாயில் தொங்கிய நீர்ப் பையை ப்ரியாதான் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை. நான்தான் அவளைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். டிசம்பர் பதினாலாம் தேதி எனக்கு விமானம். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளை இன்னொரு தடவை அப்படி நடக்க வைக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், வேறு ஒரு ஆசையும் இல்லை.

அந்தப் பயணத்தினாலும் அதற்கு முந்தின பயணங்களினாலும் மைல்கள் சேர்ந்து, பழைய விமானக் கம்பெனிக்காரன் எனக்கு சில்வர் கார்டு என்று ஒன்று அனுப்பினான். அதைக் காட்டினால் நடைபாதை ஓரத்து சீட்டை நாமே எடுத்துக்கொள்ளலாம். போன வருஷம் அப்படித்தான் போனேன். போகும்போது ஆறு தடவை, வரும்போது ஐந்து தடவை, ஒருவரையும் எழுப்பவில்லை, ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்தக் கார்டுதான். இந்த வருஷம் ஆடி மாதத்தோடு அந்தக் கம்பெனி திருவனந்தபுரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டது. அப்போது உனக்கு போன் போட்டேன். சீட் வசதிக்காக என்று மட்டும்தான் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. நீயும் மூச்சு விடாமல் சொன்னாய்: "அத்தான், கவலைய விடுங்க. பழைய கார்ட காட்டுனா புதுக் கம்பெனிக்காரன் அதே மாதிரி ஒண்ணு குடுப்பான். ஸ்டேட்டஸ் மேட்ச்னு பேரு. அஞ்சு நிமிஷ வேலை." உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் ஆவணியில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

முதல் விண்ணப்பம் கார்டின் பின்பக்க நகல் இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது, நகல் தெளிவாக இல்லை என்று வந்தது. மூன்றாவதில் கையெழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். முப்பத்துநாலு வருஷம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து இதே வாசகங்களை எழுதி ஜனங்களின் மனுக்களைத் திருப்பினவன் நான். துணைத் தாசில்தாராக இருந்தபோது ஏரலிலிருந்து ஒரு பெரியவர் பட்டா மாறுதலுக்காக என்னிடம் ஒன்பது தடவை நடந்தார். ஒன்பதாவது தடவை அவர் ஒன்றும் பேசாமல் என் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் எதற்கு அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இந்தப் புரட்டாசியில்தான் விளங்கியது. நாலாவது விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். தற்காலிக சில்வர் கார்டு, தொண்ணூறு நாளுக்குள் நாலு தடவை தங்கள் விமானத்தில் பறந்தால்தான் நிரந்தரம் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. நீ அந்த வரியைச் சொல்லவில்லை. சரி, நானும் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை.

ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும், இரண்டு வாரம் அடுத்தடுத்துப் போய்வந்தேன். சென்னைக்கு இரண்டு தடவை வந்தும் உன் வீட்டை எட்டிப் பார்க்கவில்லையே என்று வருத்தப்படாதே, நான் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு வாசலில் இறங்கி, இன்னொரு வாசலில் ஏறி, அதே விமானத்தில் திரும்பி வந்தேன். டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எழாவிட்டால் மற்றது. அந்தச் சின்ன விமானத்தில் கழிப்பறை ஒன்றே ஒன்று, வால் பக்கத்தில். மூன்றாவது பயணத்தில் அதை நோக்கி நடக்கும்போது தலை சுற்றி, முன்பின் தெரியாத ஒரு பாதிரியாரின் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பெருந்தன்மையாக, "பரவால்ல, பைய எந்திரிங்க" என்றார். இது போதாதென்று முதல் பயணத்திலேயே குற்றாலலிங்கத்தைப் பார்த்துவிட்டேன். என் கீழே கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர், உனக்குத் தெரிந்திருக்காது. "என்ன அண்ணாச்சி, மெட்ராசுக்கு எங்கன கிளம்பிட்டிய?" என்று கேட்டார். சும்மா போய்த் திரும்புகிறேன் என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது. "மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசம்" என்று வாயில் வந்துவிட்டது. "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. வெறுங்கையோட விட்டா நல்லாவா இருக்கும்? வீட்டு விலாசத்தச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார். உன் விலாசத்தைக் கொடுத்தேன். நீ வாடகை வீட்டில் இருப்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வரக்கூடும், பேசாமல் வாங்கி வைத்துக்கொள்.

நாலு பயணமும் முடிந்து கார்டு நிரந்தரமாயிற்று. இனி மெல்போர்ன் டிக்கெட்டில் சீட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதைப் பதிந்து வாங்குவதற்கு பேட்டை மெயின் ரோட்டில் இருக்கும் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில். அதில் ஒருத்தி ப்ரியாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், "அப்பா, ப்ரியா எப்படி இருக்கா?" என்று அப்போதுதான் கேட்டு முடித்திருந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி எல்லாருக்கும் கேட்கும்படி, "சார், உடம்புக்கு ஏதும் இருக்கான்னு கேக்கு. என்னன்னு போடட்டும்?" என்றான். சிவகணேஷ், நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய். நான், "முழங்கால் வலி" என்றேன். அவனும் போட்டுவிட்டான். அதைச் சொன்னதற்காக எழுந்து போகும்போது காலைக் கொஞ்சம் இழுத்து வேறு நடந்தேன்.

மறுநாள் சீட் நம்பர் வந்தது. ஜன்னல் ஓரம். வீல்சேர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று வாழ்த்தோடு வந்தது. போன் போட்டு என் சில்வர் கார்டைச் சொன்னேன். எடுத்த பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான். நடக்க முடியாதவர்களை நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்கக்கூடாதாம், ஆபத்து நேரத்தில் மற்றவர்கள் தாண்டிப் போக இடைஞ்சலாம், ஜன்னல் ஓரம்தான் விதியாம். கார்டு இருந்தாலும் விதி விதிதானாம். முழங்கால் குணமாகிவிட்டது என்றேன். அப்படியானால் குணமானதற்கு டாக்டர் சர்டிபிகேட் அனுப்புங்கள் என்றான். பாளையங்கோட்டையில் ஒரு எலும்பு டாக்டரிடம் போய் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், படம் எடுத்தும் பார்த்தார். "முப்பது வயசுக்காரன் முழங்கால் மாதிரி இருக்கு, நல்லா இருங்க" என்றார். அதையே எழுதிக் கொடுங்கள், வலி குணமாகிவிட்டது என்று ஒரு வரி போதும் என்றேன். "வராத வலி போயிருச்சுன்னு நான் எப்படிவே எழுத முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

இப்போது என் வேண்டுகோள். அந்தக் கம்பெனிக்கு நீ போன் பண்ணி, நானாகப் பேச வேண்டும். பாஸ்போர்ட் நகலும் கார்டு நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன். குரலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். எனக்கு முழங்கால் வலி இல்லை, இன்னது இருக்கிறது என்று அந்த வார்த்தையை நீ சொல்லிவிடு. உனக்கு நாற்பத்தெட்டு வயதுதான், உனக்கு அது இல்லை என்பதால் சொல்வதற்குச் சிரமம் இருக்காது. நான் நாலு தடவை நம்பரை அழுத்திவிட்டேன், மணி அடித்ததும் வைத்துவிடுகிறேன். பெரிய பெரிய ஆபீசர்கள் முன்னால் நின்று பேசினவன், இந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு பயமாகவும் இருக்கிறது. கோமுவுக்குச் சொல்லாதே. சொன்னால் அவள் ப்ரியாவிடம் சொல்வாள், ப்ரியா வர வேண்டாம் என்பாள். பேரனோ பேத்தியோ பிறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காந்திமதி அம்மன் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். நெஞ்சார வாழ்த்தி,

அத்தான்,
தி. திருஞானசம்பந்தம்
துணைத் தாசில்தார் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது, வீல்சேரை உறுதி செய்வதற்காக. பேசின பெண் தன் பெயர் நஃபீஸத் என்றாள். நான் இரண்டு வார்த்தை பேசினதுமே, "சார், நீங்க திருநவேலியா?" என்று கேட்டாள். அவளுக்கு விக்கிரமசிங்கபுரமாம், வாப்பா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், இவள் சென்னையில் இந்த வேலையில் இருக்கிறாளாம். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் வைக்க மனம் வரவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. கையில் இந்தக் கடிதம் இருந்தது, இதன் இரண்டாவது பத்தியை மனு வாசிப்பதுபோல முதலிலிருந்து கடைசி வரை அவளுக்கு வாசித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதுக்கு எதுக்கு சார் கார்டு? டாக்டர் சீட்டு ஒண்ணு அனுப்புனா யாருக்குன்னாலும் டாய்லெட் பக்கத்துல நடைபாதை ஓரமா போட்டுக் குடுத்துருவோம்" என்றாள். டாக்டர் சீட்டைப் பிறகு அனுப்பச் சொல்லிவிட்டு வீல்சேரை நீக்கினாள், இடத்தை மாற்றினாள், எல்லாம் இரண்டு நிமிஷம். ஆகவே மேலே கேட்டது எதையும் நீ செய்ய வேண்டாம். குத்துவிளக்குக்காக மட்டும் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

நன்றி சொல்லிவிட்டு வைக்கப் போனேன். அவள் வைக்கவில்லை. "சார், எங்க வாப்பாவும் ரெண்டு வருஷமா முழங்கால் வலின்னுதான் சொல்லுதாவ. என்னைப் பாக்க வரச் சொன்னா பஸ்ஸுல ஏறவே மாட்டேங்காவ" என்றாள்.

"அவர்ட்ட ஒண்ணும் கேக்காதம்மா" என்றேன். "ரயில்ல கீழ் பெர்த்தாப் பாத்து ஒரு டிக்கெட் போட்டு அனுப்பு. வந்துருவாரு."